இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லணும்?

முதலில் அம்மாவிடம். அம்மா நம்பினால், அப்பாவிடமோ பாட்டியிடமோ இன்னொரு முறை. பள்ளியில் வாய் திறந்தால் வகுப்பு டீச்சரிடம். டீச்சர் கையைப் பிடித்து அழைத்துப் போய் நிறுத்த, ஹெச்.எம்.மிடம். அடுத்து அனைத்து மகளிர் காவல் நிலையம்: புகார் எழுதுபவரிடம் ஒரு முறை, இன்ஸ்பெக்டரிடம் ஒரு முறை. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் ஜன்னலில் 'என்ன கேஸ்மா?' என்ற கேள்விக்கு, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி. பணி மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குழந்தைகள் நலக் குழு, ஆற்றுப்படுத்துநர், மாஜிஸ்திரேட். எல்லாம் ஓய்ந்து, குழந்தை பள்ளிக்கும் விளையாட்டுக்கும் திரும்பிய ஒரு நாளில் சம்மன் வரும். கோர்ட்டில் மறுபடி முதலிலிருந்து.

பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தை புகார் கொடுத்தால் நடக்க நேரும் பாதை இது. சிலருக்கு இரண்டு நிறுத்தம் குறையும். சிலருக்கு நான்கு கூடும். வழியில் சந்திக்கும் யாரையும் வில்லன் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரும் தங்கள் பதிவேட்டை நிரப்பும் வேலையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பத்துப் பதிவேடுகளுக்கும் விவரம் தர வேண்டியது அந்த ஒரே குழந்தை.

இந்த அலுவலகங்களை ஒன்றோடொன்று இணைக்கச் சட்டத்தில் விதி உண்டு, ஆளும் உண்டு. நடைமுறையில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஒருவர்தான்: எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சீட்டு, ஆதார் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறிப் பஸ் ஏறும் அம்மா. அரசுத் துறைகளுக்கு இடையே சம்பளமில்லாத ஒருங்கிணைப்பாளர் அவர். அவர் சோர்ந்துபோனால் வழக்கும் சோர்ந்துபோகும்.

பிரச்சினையின் அளவைச் சொல்ல இரண்டு கணக்குகள் போதும். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி 2007-ல் அறிக்கை வெளியிட்டது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்ன குழந்தைகள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் பையன்கள். அடுத்த கணக்கு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துடையது: 2022-ல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவான வழக்குகள் 1,62,449, அவற்றில் ஏறத்தாழ 40 சதவீதம், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வருபவை. கடுமையான போக்சோ வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், வேன் டிரைவர், டியூஷன் மாஸ்டர். சில வீடுகளில் அப்பாவே. ஆகவே புகார் கொடுப்பது என்பது ஒரு குடும்பம் தன் உறவுகளோடும் தெருவோடும் மோதிக்கொள்வதுதான்.

ஹன்ட்ஸ்வில்லில் ஒரு வீடு

இந்தச் சிக்கலை உலகில் முதலில் சந்தித்தவர்கள் நாம் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் என்ற நகரம் உண்டு. ராக்கெட் ஆராய்ச்சிக்குப் பேர் போன ஊர். 1980-களின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தின் அரசு வழக்கறிஞராக இருந்தவர் ராபர்ட் க்ரேமர், ஊராருக்கு 'பட்' க்ரேமர். அவர் மேசைக்கு வந்த சிறார் வழக்குகளெல்லாம் ஒரே மாதிரி சரிந்துகொண்டிருந்தன. போலீஸ் தனியாக விசாரிக்கும். குழந்தை நலத்துறை தனியாக. மருத்துவர் தனியாக, மனநல நிபுணர் தனியாக, கடைசியில் அரசு வழக்கறிஞர் தனியாக. நாலாவது, ஐந்தாவது முறை சொல்லும்போது குழந்தையின் வார்த்தை கொஞ்சம் மாறும், அல்லது வார்த்தையே வராது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

க்ரேமர் செய்தது கேட்பதற்கு எளிய காரியம். குழந்தையை அலுவலகம் அலுவலகமாக அனுப்புவதற்குப் பதில், அலுவலர்கள் குழந்தை இருக்கும் இடத்துக்கு வரட்டும் என்றார். 1985-ல் ஒரு சாதாரண வீட்டில் அந்த மையம் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையிடம் பேசுவார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பிறகு போலீஸ், குழந்தை நலத்துறை, மருத்துவர், ஆலோசகர், வழக்கறிஞர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த வழக்கில் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். க்ரேமர் பின்னாளில் நாடாளுமன்றத்துக்குப் போனார். அவர் தொடங்கிய முறையில் இன்று அமெரிக்காவில் 900-க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன.

இந்த மையங்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அந்த ஒரே நேர்காணலைத்தான் சிலாகிப்பார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டிய ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார்: குடும்பத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட வழிகாட்டி. குழந்தை உள்ளே பேசும்போது வெளியே அம்மாவோடு உட்கார்ந்திருப்பவர், அடுத்த வாரம் போன் செய்து 'தூங்கறாளா? ஸ்கூலுக்குப் போறாளா?' என்று விசாரிப்பவர், வாடகை கட்ட முடியாவிட்டால் யாரிடம் போகலாம் என்று சொல்பவர், கோர்ட் தேதியை ஞாபகப்படுத்துபவர். நம் ஊரில் அம்மா சுமக்கும் உறையை வாங்கிக்கொள்ளும் ஆள். அதற்கென்று ஒரு பதவி, அதற்கென்று ஒரு சம்பளம்.

ஒரே கூரை மட்டும் போதாது என்பதையும் அமெரிக்காதான் பட்டுத் தெரிந்துகொண்டது. 1983-ல் கலிஃபோர்னியாவில் மக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளியின் மீது எழுந்த புகாரில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் விசாரிக்கப்பட்டார்கள். விசாரித்த விதம்தான் வழக்கைக் கவிழ்த்தது. விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டார்கள். மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்களே, நீயும் கெட்டிக்காரப் பிள்ளையாகச் சொல் என்ற தொனியில் கேட்டார்கள். அந்நாட்டின் மிக நீண்ட, மிகச் செலவுமிக்க குற்ற வழக்குகளில் ஒன்றாக இழுத்து, 1990-ல் ஒருவருக்கும் தண்டனையில்லாமல் முடிந்தது. உண்மையில் என்ன நடந்தது என்பதை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாத அளவுக்குக் கேள்விகளே பதில்களைக் கெடுத்துவிட்டிருந்தன.

அதற்குப் பின் உளவியலாளர் மைக்கேல் லாம் உள்ளிட்டோர் 1990-களில் குழந்தைகளிடம் பேசுவதற்கென்றே ஒரு முறையை வகுத்தார்கள். எடுத்தவுடன் விஷயத்துக்கு வரக் கூடாது. போன பிறந்தநாளுக்கு என்ன நடந்தது என்பது போன்ற சாதாரணச் சம்பவம் ஒன்றைக் குழந்தையைச் சொல்லவிட்டு, கோவையாகச் சொல்லப் பழக்க வேண்டும். 'தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், நான் தப்பாச் சொன்னா திருத்தலாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகுதான், 'இன்னிக்கு எதுக்கு இங்க வந்திருக்கே?' அதன் பின் பெரும்பாலும் ஒரே கேள்வி: 'அப்புறம் என்ன நடந்துச்சு?' 'அந்த மாமா உன்னை இங்க தொட்டாரா?' என்று கேட்டு ஆமாம், இல்லை என்று எழுதிக்கொள்ளும் பழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் காவல் நிலையப் பக்கம் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஹன்ட்ஸ்வில் யோசனை அட்லாண்டிக் கடலைத் தாண்டி இறங்கிய இடம் ஐஸ்லாந்து. அந்நாட்டுக் குழந்தைகள் பாதுகாப்பு முகமையின் தலைவராக இருந்த பிராகி குட்பிரான்ட்சன் 1998-ல் தலைநகர் ரெய்க்யவிக்கில் 'பார்னாஹுஸ்' என்ற இல்லத்தைத் திறந்தார். குடியிருப்புத் தெருவில் ஒரு வீடு. போலீஸ் ஜீப் கிடையாது, சீருடை கிடையாது. ஒரு அறையில் குழந்தையும் பயிற்சி பெற்ற நேர்காணல் நிபுணரும் மட்டும். இன்னொரு அறையில் திரைக்கு முன்னால் நீதிபதி, போலீஸ், அரசு வழக்கறிஞர், குழந்தை நல அலுவலர். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலும் அங்கேதான். அவர்களுக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் நிபுணர் வழியாகத்தான் கேட்க முடியும். பேச்சு முழுக்க ஒளிப்பதிவாகும். அந்தப் பதிவே பிறகு நீதிமன்றத்தில் சாட்சியம். எதிர்த்தரப்புக்குக் கேட்கும் வாய்ப்பு அப்போதே கிடைத்துவிட்டதால், விசாரணை தொடங்கும்போது குழந்தை கோர்ட் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. மருத்துவப் பரிசோதனை அதே வீட்டில். ஆலோசனையும் சிகிச்சையும் அதே வீட்டில், வழக்கு நின்றாலும் நிற்காவிட்டாலும்.

ஸ்வீடன் 2005-ல் இந்த முறைக்கு வந்தது, நார்வே 2007-ல். டென்மார்க் 2013-ல் சட்டமாகவே ஆக்கிவிட்டது. லண்டனில் 2018-ல் 'லைட்ஹவுஸ்' என்ற பெயரில் தொடங்கினார்கள். ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகை நம் சேலம் மாநகரத்தின் பாதிகூட வராது, அங்கே ஒரு வீடு போதும், இங்கே எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு வீடு இல்லை என்பதைவிட, இருக்கிற வீடுகளுக்கு இடையே கதவு இல்லை என்பதுதான் உண்மைக்கு நெருக்கம்.

சட்டம் சொல்வது என்ன?

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. அதைப் பொறுமையாக வாசித்தால், எழுதியவர்கள் குழந்தையின் உயரத்தில் குனிந்து யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை கூடாது. எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் வக்கீல்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் தர வேண்டும், நீதிபதிதான் கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொண்ட 30 நாளில் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை ஓராண்டில் விசாரணையை முடிக்க வேண்டும்.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். சாதாரண ஆளுக்கு ஆறு மாதம், நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. 2021-ல் சென்னைப் பள்ளிகள் சிலவற்றின் முன்னாள் மாணவிகள் தங்களுக்கு நேர்ந்ததைச் சமூக ஊடகத்தில் எழுதத் தொடங்கியபோதுதான் இந்தப் பிரிவு நம் பள்ளி அலுவலக அறைகளுக்குள் முதல்முறையாக உறைத்தது. 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்ற பழைய பாட்டு இப்போதும் நின்றுவிடவில்லை; ஆனால் பாடுபவர் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பாடுகிறார். பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண் இப்போது பாடப்புத்தகத்திலேயே அச்சாகிறது. அதற்கும் மூத்தது 1098. 1996-ல் மும்பையில் தொடங்கி, 2023-க்குப் பிறகு மாநில அரசுகளின் நிர்வாகத்துக்கு வந்திருக்கும் குழந்தைகள் உதவி எண்.

புகார் பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இரண்டு இடங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 19-வது பிரிவு. ஒன்று சிறப்பு நீதிமன்றம். இன்னொன்று குழந்தைகள் நலக் குழு. வழக்கு வட்டாரத்தில் சி.டபிள்யூ.சி. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட இந்தக் குழு மாதம் 20 நாளாவது கூட வேண்டும். ஒருங்கிணைப்பின் மொத்தக் கயிறும் இதன் கையில்தான். கொடுமை செய்தவர் அதே வீட்டில் இருப்பவரென்றால், குழந்தை அங்கேயே இருக்கலாமா, வேறிடம் வேண்டுமா என்று மூன்று நாளில் முடிவு செய்வது இந்தக் குழு. அவசரச் செலவுக்குப் பணம் தரச் சொல்லிப் பரிந்துரைப்பது இந்தக் குழு. குடும்பத்தோடு கடைசிவரை நடக்க ஓர் ஆளை நியமிப்பதும் இதுவே.

அந்த ஆளுக்குச் சட்டத்தின் மொழியில் 'ஆதரவு நபர்' என்று பெயர். 2020 மார்ச்சில் வந்த புதிய போக்சோ விதிகள் அவருடைய வேலையை விரிவாகவே சொல்கின்றன. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குழந்தைக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். கோர்ட்டில் என்ன நடக்கும், யார் எங்கே உட்காருவார்கள் என்று குழந்தைக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும். குழந்தைக்கு எதைப் பற்றிப் பயம் என்று கேட்டு, அதை உரியவர்களிடம் கொண்டுபோக வேண்டும். கேட்ட எதையும் வெளியே சொல்லக் கூடாது. ஹன்ட்ஸ்வில்லின் குடும்ப வழிகாட்டிதான் இவர், பெயர் மட்டும் வேறு.

ஊதியத்தையும் விதி பேசுகிறது: குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் தேர்ந்த தொழிலாளிக்கு உள்ள கூலிக்குக் குறையக் கூடாது. அதாவது ஒரு கொத்தனாருக்கு உரிய குறைந்தபட்சக் கூலியாவது, உடைந்துபோன ஒரு குடும்பத்தை மூன்று வருடம் தாங்கிப் பிடிப்பவருக்கும் தர வேண்டும். கொத்தனாரைக் குறைத்துச் சொல்லவில்லை. மாநிலங்கள் இந்த எல்லையைத் தாண்டி எவ்வளவு மனசு வைக்கின்றன என்பதுதான் கேள்வி.

இந்தப் பதவி காகிதத்திலேயே தங்கிவிடுவதை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கண்டித்தது. குழந்தைகள் மீட்பு அமைப்பான பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கு அது. உத்தரப் பிரதேசத்தில் போக்சோ வழக்கு ஒன்றில் பாதிக்கப்பட்ட சிறுமியும் குடும்பமும் பட்ட பாட்டிலிருந்து அது கிளம்பியது. ஆதரவு நபரை விருப்பம்போல் நியமிக்கலாம், விடலாம் என்று இருக்க முடியாது. தகுதி, பயிற்சி, ஊதியம், பட்டியல் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு வேண்டும் என்று நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு உத்தரவிட்டது. சட்டம் வந்து பதினோரு ஆண்டு கழித்து, அந்தச் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைச் செய்யச் சொல்லி ஓர் உத்தரவு!

ஹைதராபாத் ஒரு வழி காட்டியது

இந்தியாவில் இது முடியாத காரியம் இல்லை என்பதற்குத் தெலங்கானாவின் தலைநகரே சாட்சி. ஹைதராபாத் மாநகரக் காவல்துறை 2016-ல் 'பரோசா' மையத்தைத் தொடங்கியது. போலீஸ் வாக்குமூலம், மருத்துவப் பரிசோதனை, ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே கட்டடத்தில். 2018-ல் குழந்தைகளுக்கென்றே வடிவமைத்த நீதிமன்றமும் நகரில் வந்தது. பரோசா பிறகு தெலங்கானாவின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. காவல்துறையே நடத்தும் மையம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. புகார் கொடுக்கலாமா என்று இன்னும் முடிவெடுக்காத அம்மா போலீஸ் நடத்தும் இடத்துக்கு எப்படி வருவார்? ஆனாலும், பத்து வாசல்களை ஒன்றாக்க மனசு வைத்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டில் உதிரிப் பாகங்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்று மாநிலம் முழுக்க உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சட்டப் பணிகள் ஆணைக்குழு, அரசு மருத்துவமனை. நிர்பயா நிதியில் 2015 முதல் வரத் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்கள். சென்னையில் 'துளிர்' அமைப்பு 2004-லிருந்தே குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை என்ற ஒரே விஷயத்தில் வேலை செய்கிறது; போக்சோ வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே. குறைவது, ஒரு மேசையில் எல்லோரும் வாரம் ஒரு முறை உட்காருவது.

இந்த அமைப்பில் பலரும் பேசாத ஓர் ஓட்டை, பையன்கள். போக்சோவுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. 2007 ஆய்வும் பையன்கள் குறைவாகப் பாதிக்கப்படவில்லை என்றே சொன்னது. ஆனால் புகாரை விசாரிப்பது பெரும்பாலும் மகளிர் காவல் நிலையம். ஒருங்கிணைந்த சேவை மையமோ பெண்களுக்கும் சிறுமிகளுக்குமானது. ஏழாவது படிக்கும் ஒரு பையன், தனக்கு நேர்ந்ததை முதலில் நம்பவே வைக்க வேண்டியிருப்பவன், 'மகளிர்' என்று பலகை தொங்கும் வாசலில் அப்பாவோடு நிற்கிறான்.

மருத்துவமனையில் நடப்பதும் ஒருங்கிணைப்பின் முக்கியப் பகுதிதான். போலீஸ் கடிதம் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. முதலுதவியும் சிகிச்சையும் தனியார் மருத்துவமனையும்கூட இலவசமாகத் தர வேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஆகியவற்றை விதிகளே பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். காகிதம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்த 72 மணி நேரம் கரைகிறது. இரு விரல் பரிசோதனை கூடாது என்று 2013-லேயே சொன்ன உச்ச நீதிமன்றம், 2022-ல் அதை மறுபடி சொல்ல நேர்ந்தது. சில செய்திகள் ஓ.பி. ஜன்னல் வரை வந்துசேரப் பத்து வருடம் ஆகும் போலிருக்கிறது.

இடையில் இன்னொரு சிக்கல். போக்சோ வழக்குகளில் ஒரு பகுதி, பதினாறு பதினேழு வயதுக் காதல் விவகாரங்கள்; பெண்ணின் வீட்டார் கொடுக்கும் புகார்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட வழக்கு ஒன்றை ரத்து செய்தபோது, இளம் பருவத்தினரை நசுக்கச் சட்டம் வரவில்லை என்று சுட்டிக்காட்டினார். 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவரும் இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். மருத்துவரிடம் போனாலே போலீசுக்குச் செய்தி போய்விடும் என்ற பயத்தில் கருவுற்ற சிறுமிகள் போலி வைத்தியர்களிடம் போகும் ஆபத்தைக் கருதி, அவர்கள் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தெரிவிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் வழி செய்தது.

வழக்குக்கு வெளியே ஒரு குடும்பம்

குற்றவாளி அப்பாவாகவோ, சோறு போடும் மாமாவாகவோ இருந்தால் கைதான மறுநாள் காலை அடுப்பு எரியாது. விதிகளை எழுதியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். 2020 விதிகளில் எட்டாவது விதி, உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கும் தொகை ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்கிறது. இது இழப்பீட்டிலிருந்து வேறான உதவி. இழப்பீட்டுக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை; எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம், தண்டனையே இல்லாவிட்டாலும் தரலாம். உத்தரவு வந்த 30 நாளில் அரசு கொடுக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை இந்த இடத்தில் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்க வழக்கு ஒன்று இருக்கிறது. 2018-ல் பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் போன சிறுமி. பிறந்த வீடு கதவைச் சாத்திக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவரோடே வாழ்ந்து, குழந்தையும் பெற்றாள். உயர் நீதிமன்றம் விடுவித்த அவரை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் மறுபடி குற்றவாளி என்றது. அந்தப் பெண்ணின் நிலையை அறிய நிபுணர் குழுவும் அமைத்தது. குழுவின் அறிக்கையைப் படித்த நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, 2025 மே மாதம் தனக்கிருக்கும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தண்டனையை விதிக்காமல் விட்டது. அவளைச் சமூகம் தீர்ப்பிட்டது, சட்ட அமைப்பு கைவிட்டது, குடும்பமும் கைவிட்டது என்று தீர்ப்பு ஒப்புக்கொண்டது. நடந்த குற்றத்தைவிட, அதன் பின் போலீஸ், கோர்ட் என்று அலைந்ததும் அவரைக் காப்பாற்றப் போராடியதுமே அவளை அதிகம் வதைத்தது என்பதுதான் குழு கண்டது. சட்டப்படி இதெல்லாம் சரியா என்று வக்கீல்கள் இன்னும் வாதிடுவார்கள். அவள் பதினான்கு வயதில் நின்ற இடத்தில் ஓர் ஆதரவு நபர் கூட நின்றிருந்தால் என்ற கேள்விக்கு வாதம் தேவையில்லை.

வாய்தா இன்னொரு சோதனை. வழக்கு நீளும்போது சமரசம் பேச ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். 'பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணும்ல' என்பது முதல் வாக்கியம். இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதற்காக இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது வழக்குக்குத்தான் காவல். அதே தெருவில் குடியிருக்கும் குடும்பத்தைச் சாட்சிக் கூண்டில் பிறழாமல் நிற்க வைப்பது வேறு வேலை. அதைத் தீர்ப்பு செய்யாது, ஆள்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் பலவீனமான சாட்சிகளுக்கென்று தனி மையம் வேண்டும் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது நல்ல தொடக்கம். தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை, காணொலித் திரை. குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்கள் முறைத்துக்கொண்டு நிற்கும் கோர்ட் தாழ்வாரத்தில் குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை.

புகார் கொடுக்கப் போகும் குடும்பம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு காகிதம் உண்டு. விதிகளின் இணைப்பில் 'படிவம் அ' என்று இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், இலவச மருத்துவம், ஆலோசனை, வீட்டிலேயே வாக்குமூலம், இலவச வக்கீல், மொழிபெயர்ப்பாளர், மாற்றுத்திறன் குழந்தைக்குச் சிறப்புக் கல்வியாளர், ஆதரவு நபர் என்று குழந்தைக்கு உரியவை வரிசையாக அதில் அச்சாகியிருக்கும். பணியில் இருக்கும் அதிகாரி பெயர், பதவியோடு அதைத் தர வேண்டும். பெற்றுக்கொண்டதாகப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். ஸ்டேஷனில் தராவிட்டால், குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்கலாம். ஆதரவு நபர் இன்னும் வரவில்லையென்றால் அந்தக் குழுவிடமே எழுதிக் கொடுக்கலாம்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் மனு தரலாம், கட்டணம் கிடையாது. தாங்கள் நம்பும் தொண்டு நிறுவனத்தின் உதவியையும் குடும்பம் நாடலாம். விதிகள் அதைத் தடுக்கவில்லை. ஆதரவு நபர் நியமனமான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அந்தத் தகவலைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முதல் வாய்தாவிலேயே அரசு வழக்கறிஞரிடம் கேட்கலாம்: 'எங்க கூட வர்றவங்க பேர் கட்டுல இருக்கா சார்?'